எதிரில் இருந்தும் தெரியாத உயிர்

ஏலியன் பத்தி ஒரு எபிசோட் போடுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்கீங்க. போட்டாச்சு. ஆனா பறக்கும் தட்டு, ஏரியா 51, பிரமிடைக் கட்டினது யாரு, இதெல்லாம் இதுல வராது. அதுக்கு யூடியூப்ல ஏற்கனவே நிறைய ஆள் இருக்காங்க.

வேற்றுக்கிரக உயிர் எங்கேயாவது இருக்கா இல்லையாங்கிற கேள்வியையும் கொஞ்சம் தள்ளி வைப்போம். நான் கேட்க வர்றது இதுதான்: அது நம்ம கருவிக்கு நேர் எதிரிலேயே இருந்தா, அது உயிர்னு நமக்குத் தெரியுமா?

சினிமா இந்த விஷயத்துல நம்மளை நல்லா பழக்கி வச்சிருக்கு. ரெண்டு கண்ணு, ரெண்டு கை, பெரிய மண்டை. பட்ஜெட் கொஞ்சம் அதிகம்னா எட்டு கால். எந்தப் படமா இருந்தாலும் ஏலியனைப் பார்த்த அடுத்த நொடியே அது உயிர்னு தெரிஞ்சுடும். ஓடி வரும், கத்தும், யாரையாவது கடிக்கும். விண்வெளி உயிரியல் பண்றவங்களுக்கு இருக்கிற கவலை இதுக்கு நேர் தலைகீழ். அது ஒண்ணுமே பண்ணாம, நம்ம டெஸ்ட்டுக்குப் புரியற எந்த வேலையும் செய்யாம, சும்மா அங்கேயே இருந்தா?

நான் பகல்ல கோட் எழுதுறவன். எங்க வேலையில ரெண்டு வகைத் தப்பு உண்டு. இல்லாத ஒண்ணை இருக்குன்னு சொல்றது முதல் வகை. அதுல அலாரம் அடிக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு யாருக்காவது போன் போகும், அவர் தூக்கக் கலக்கத்தோட எழுந்து பார்த்துட்டு திட்டிட்டுப் படுப்பார். இருக்கிற ஒண்ணை இல்லைன்னு சொல்றது ரெண்டாவது வகை. அதுல அலாரமே அடிக்காது. லாக்ல ஒரு வரி கூட விழாது. டாஷ்போர்டு முழுக்கப் பச்சையா இருக்கும். எல்லாரும் நிம்மதியா வீட்டுக்குப் போயிடுவாங்க. உயிரைத் தேடுற வேலையில இந்த ரெண்டாவது வகைத் தப்புதான் பயங்கரமானது. இது கற்பனையும் கிடையாது, பூமியிலேயே பல தடவை நடந்திருக்கு. அதனால ராக்கெட் ஏறுறதுக்கு முன்னாடி நம்ம ஊர்க் கதையிலிருந்து ஆரம்பிப்போம். நம்ம ஊர்னா, நம்ம கிரகம்.

1992. இங்கிலாந்துல பிராட்ஃபோர்டுன்னு ஒரு ஊர். அங்க நிமோனியா பரவுது. எங்கிருந்து வருதுன்னு தேடி, ஒரு குளிரூட்டும் கோபுரத்துத் தண்ணியை எடுத்துச் சோதிக்கிறாங்க. அந்தத் தண்ணியில இருந்த அமீபாவுக்குள்ள ஒரு குட்டி உருண்டை இருக்கு. சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே தெரியுது. பாக்டீரியாவை அடையாளம் காண 'கிராம் சாயம்'னு ஒண்ணு போடுவாங்க. போட்டா, சாயமும் ஏறுது. அப்போ பாக்டீரியாதான். 'பிராட்ஃபோர்டுகாக்கஸ்'னு பேரும் வச்சாச்சு. ஆனா பாக்டீரியாவுல கண்டிப்பா இருக்க வேண்டிய ஒரு மரபணுவை அதுல தேடினா கிடைக்கவே மாட்டேங்குது. சரி, அப்புறம் பார்த்துக்கலாம்னு ஃப்ரீசர்ல போட்டுட்டாங்க.

வருஷக்கணக்குல அது அங்கேயே கிடந்தது. பிறகு பிரான்ஸ்ல மார்செய் நகரத்துல இருக்கிற டிடியே ராவூல் குழுவுக்கு அந்த மாதிரி போய்ச் சேருது. அவங்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்ல வச்சுப் பார்க்கிறாங்க. இருபது முகம் கொண்ட ஒரு ஓடு. வைரஸுக்கே உரிய வடிவம். 2003-ல உலகத்துக்கு அறிவிச்சாங்க: மிமிவைரஸ். பாக்டீரியாவை 'மிமிக்' பண்ணினதால அந்தப் பேரு. அதோட மரபணுத் தொகுப்பு சுமார் 12 லட்சம் எழுத்து நீளம். சில பாக்டீரியாக்களோடதை விடவே பெருசு.

இதுல கவனிக்க வேண்டியது, அது ஒளிஞ்சுக்கிட்டு இருக்கலை. கண்ணுக்கு நல்லாவே தெரிஞ்சுது. அப்புறம் ஏன் யாரும் கண்டுபிடிக்கலைன்னா, வைரஸ்னா என்னன்னு நாம முடிவு பண்ணி வச்சிருந்த விதம் அப்படி. 1890-கள்ல இருந்து வைரஸைத் தேட ஒரு வடிகட்டி பயன்படுத்துறாங்க. பாக்டீரியா அதுல மாட்டிக்கும், வைரஸ் அதைத் தாண்டிப் போயிடும். ஒரு கட்டத்துக்கு மேல 'வடிகட்டியைத் தாண்டிப் போறதுதான் வைரஸ்'னு அதுவே வரையறை மாதிரி ஆயிடுச்சு. வடிகட்டியில தங்குற அளவுக்குப் பெரிய வைரஸ் ஒண்ணு இருந்தா, அதை அந்த முறை எப்பவுமே கண்டுபிடிக்காது. நூறு வருஷம் அப்படித்தான் ஓடுச்சு. இந்த ஒண்ணு வெளிய வந்த பிறகு, கடல், மண், குளம்னு தேடுற இடத்துலெல்லாம் பெரிய வைரஸ்கள் வரிசையா கிடைக்க ஆரம்பிச்சது.

இன்னொரு கதையைச் சுருக்கமா சொல்றேன். சாண எரிவாயுக் கலன் பார்த்திருப்பீங்க. அதுல மீத்தேனை உண்டாக்குற நுண்ணுயிரை எல்லாரும் பாக்டீரியான்னே சொல்லிட்டு இருந்தாங்க. மைக்ராஸ்கோப்ல பார்த்தா பாக்டீரியா மாதிரியேதான் இருக்கும். 1977-ல கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும், உருவத்தை விட்டுட்டு ரைபோசோமில் இருக்கிற ஆர்.என்.ஏ. எழுத்துகளை ஒப்பிட்டுப் பார்த்தாங்க. அது பாக்டீரியா இல்லவே இல்லை, உயிர்களோட மூணாவது பெரும் பிரிவுன்னு தெரிஞ்சது. இன்னிக்கு அதுக்குப் பேரு ஆர்க்கியா. மனுஷன் மைக்ராஸ்கோப் வழியா நுண்ணுயிரைப் பார்க்க ஆரம்பிச்சு 300 வருஷம் ஆனதுக்கு அப்புறம்தான் இது தெரியுது.

சரி, மரபணு எழுத்துகளைப் பார்க்கிற முறை வந்தாச்சே, இனி எதுவும் தப்பாதுன்னு நினைச்சா, எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை அங்கதான் வருது. நம்ம துறை ஆட்களுக்குக் கேட்ட உடனே புரியும். ஒரு கைப்பிடி மண்ணுல என்னென்ன உயிர் இருக்குன்னு தேட, 'யுனிவர்சல் பிரைமர்'னு ஒண்ணு பயன்படுத்துவாங்க. எல்லா உயிர்கள்லயும் மாறாம இருக்கும்னு நம்பப்படுற ஒரு மரபணுத் துண்டு. தேடல் பெட்டியில டைப் பண்ற சொல் மாதிரி வச்சுக்கோங்க. அந்தச் சொல் எங்க பொருந்துதோ அங்கிருந்து நகல் எடுக்கும். பொருந்தலைன்னா ரிசல்ட்ல எதுவும் வராது.

2002-ல கார்ல் ஸ்டெட்டரோட குழு, ஐஸ்லாந்துக்கு வடக்கே கடலடி வெந்நீர் ஊற்றுல இருந்து எடுத்த மாதிரியில ஒரு பெரிய நுண்ணுயிர் மேல ஒட்டிக்கிட்டு இருக்கிற குட்டி உருண்டைகளைப் பார்த்தாங்க. ஒரு மில்லிமீட்டர்ல 2,500 உருண்டையை வரிசையா அடுக்கலாம், அவ்வளவு சின்னது. கண்ணுக்குத் தெரியுது. ஆனா யுனிவர்சல் பிரைமரைப் போட்டா அதோட மரபணு வரவே இல்லை. காரணம், எல்லா உயிர்லயும் மாறாதுன்னு நம்பின அந்தத் துண்டே இதுல மாறியிருந்தது. நானோஆர்க்கியம்னு பேர் வச்சாங்க. 'யுனிவர்சல்'ங்கிற சொல்லுக்கு 'இதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்சதுல'ன்னுதான் அர்த்தம்னு அன்னிக்குப் புரிஞ்சது. வேரியபிளுக்குப் பேர் வைக்கிறப்போ எல்லாரும் இதை ஞாபகம் வச்சுக்கலாம்.

இந்த மூணுமே நம்ம சொந்தக்காரங்க. ஒரே மரபணு எழுத்து, ஒரே மாதிரி வேதியியல், ஒரே கிரகம். அவங்களையே நாம நூறு வருஷம், முந்நூறு வருஷம் தவற விட்டிருக்கோம். இந்த லட்சணத்துலதான் நாம இன்னொரு கிரகத்துக்கு ஒரு டெஸ்ட் எழுதி அனுப்பினோம்.

1976 ஜூலை 20-ஆம் தேதி வைக்கிங் 1 செவ்வாயில் இறங்கியது. செப்டம்பர் 3-ல வைக்கிங் 2, கிரகத்தோட இன்னொரு பக்கத்துல. ரெண்டுலயும் உயிரைத் தேட மூணு சோதனைகள் இருந்தன. அதுல ஒண்ணு கில்பர்ட் லெவினும் பாட்ரிசியா ஸ்ட்ராட்டும் உருவாக்கினது. யோசனை ரொம்ப எளிமை. கொஞ்சம் செவ்வாய் மண்ணை எடு. அதுல ஒரு துளி சத்து நீரை விடு. அந்தச் சத்துல இருக்கிற கார்பன் கதிரியக்கக் கார்பன். மண்ணுல ஏதாவது நுண்ணுயிர் இருந்தா அதைச் சாப்பிட்டு வாயுவா வெளிய விடும். அந்த வாயுல கதிரியக்கம் இருக்கான்னு பார். அவ்வளவுதான்.

துளி விழுந்தது. வாயு வந்தது. சும்மா கொஞ்சமா வரலை, கிராஃப் சரசரன்னு ஏறுச்சு.

அடுத்து ஒப்பீட்டுச் சோதனை. அதே மண்ணை 160 டிகிரியில 3 மணி நேரம் சூடாக்கி, பிறகு சத்து நீர் விட்டாங்க. வாயு வரலை. உயிர் இருந்து, சூட்டுல செத்திருந்தா எப்படி இருக்குமோ அப்படியே. சுமார் 50 டிகிரிக்கு மட்டும் சூடாக்கினப்போ வாயு நல்லாவே குறைஞ்சது. சாதாரண வேதிப்பொருள் அந்தச் சூட்டுக்கெல்லாம் அவ்வளவு சீக்கிரம் அசராது. புற ஊதாக் கதிர்தான் காரணமோன்னு வைக்கிங் 2 ஒரு கல்லை நகர்த்தி, அதுக்கு அடியில இருந்த மண்ணை எடுத்துச் சோதிச்சது. அங்கேயும் வாயு வந்தது. பயணத்துக்கு முன்னாடி எழுதி வச்ச விதிப்படி பார்த்தா, டெஸ்ட் பாஸ்.

ஆனா அறிக்கையில 'உயிர் இல்லை'ன்னு வந்தது. ஏன்?

ரெண்டாவது தடவை சத்து நீர் விட்டப்போ வாயு கூடலை. ஏற்கனவே வந்திருந்ததுலயும் ஒரு பங்கு திரும்ப மண்ணுக்குள்ளேயே போயிடுச்சு. பசியோட இருக்கிற நுண்ணுயிருக்கு ரெண்டாவது தடவை சாப்பாடு போட்டா இன்னும் வேகமா சாப்பிடணுமேன்னு கேட்டாங்க. பக்கத்துல இன்னொரு சோதனையில, மண்ணுக்கு வெறும் ஈரப்பதம் காட்டினதுக்கே ஆக்சிஜன் கொப்பளிச்சுது. நல்லா சூடாக்கின மண்ணிலும் அது வந்ததால, அந்த மண்ணுல ஏதோ வீரியமான வேதிப்பொருள் இருக்குன்னு தெரிஞ்சது. எல்லாத்துக்கும் மேல நாலாவதா ஒரு கருவி இருந்தது. அது மண்ணை 500 டிகிரி வரைக்கும் சூடாக்கி, வர்ற ஆவியில கரிம மூலக்கூறு இருக்கான்னு பார்க்கும். ஒண்ணுமே கிடைக்கலை. குளோரின் ஒட்டின ரெண்டு சின்ன மூலக்கூறு மட்டும் வந்தது. பூமியில கருவியைச் சுத்தம் பண்ணின திரவத்தோட மிச்சம்னு அதைத் தள்ளிட்டாங்க. உடம்பே இல்லாத இடத்துல உயிர் எப்படி இருக்கும்? கேஸ் க்ளோஸ்.

முப்பத்திரெண்டு வருஷம் கழிச்சு, 2008-ல ஃபீனிக்ஸ் கலம் செவ்வாயோட வட துருவத்துக்குப் பக்கத்துல இறங்கி மண்ணைச் சோதிச்சப்போ பெர்குளோரேட் கிடைச்சது. இது ராக்கெட் எரிபொருள்ல சேர்க்கிற உப்பு. குளிர்ல அமைதியா இருக்கும், சூடாக்கினா ஆக்சிஜனைக் கக்கும், பக்கத்துல இருக்கிற கரிமப் பொருளை எரிச்சுத் தள்ளிடும். 2010-ல ஒரு குழு சிலி நாட்டு அட்டகாமா பாலைவன மண்ணுல பெர்குளோரேட்டைக் கலந்து, வைக்கிங் மாதிரியே சூடாக்கிப் பார்த்தாங்க. என்ன வந்தது தெரியுமா? குளோரின் ஒட்டின அதே மாதிரி சின்ன மூலக்கூறுகள்.

அதாவது, கரிமப் பொருள் இருக்கான்னு பார்க்கப் போன கருவி, பார்க்கிற முயற்சியிலேயே அதை எரிச்சிருக்கலாம். எரிச்ச சாம்பல் கையில கிடைச்சப்போ 'இது நம்ம சோப்பு'ன்னு சொல்லித் துடைச்சுப் போட்டிருக்கலாம். பிறகு கியூரியாசிட்டி ஊர்தி, 300 கோடி வருஷப் பழைய சேற்றுப் பாறையில கரிம மூலக்கூறுகள் இருக்கிறதை 2018-ல உறுதியாவே காட்டியது. கரிமப் பொருள்னா உயிர்னு அர்த்தம் இல்லை, விண்கல்லுல கூட அது உண்டு. ஆனா 1976-ல கேஸை மூடினதுக்கான முக்கியக் காரணம் ஆட்டம் கண்டுடுச்சு.

என் கருத்தைக் கேட்டா, வைக்கிங் பார்த்தது பெரும்பாலும் வேதியியல்தான். பெரும்பாலான ஆய்வாளர்களும் அப்படித்தான் சொல்றாங்க. லெவின் 2021-ல இறக்கிற வரைக்கும் அதை ஒத்துக்கலை. எனக்கு இதுல உறுத்துறது வேற. அந்த 'இல்லை'க்கு அப்புறம் செவ்வாயில அடுத்த கலம் வெற்றிகரமா இறங்க 1997 ஆச்சு. வளர்சிதை மாற்றத்தை நேரடியாத் தேடுற ஒரு சோதனையை நாசா அதுக்கப்புறம் ஒரு தடவை கூட அங்க அனுப்பலை. ஒரு நெகட்டிவ் ரிசல்ட், அரை நூற்றாண்டு.

அந்தச் சத்து நீர்ல 'நீர்'ங்கிற பகுதிக்கு வருவோம். 2015-லயும் 2017-லயும் அட்டகாமாவுல, ரொம்ப வறண்ட நடுப்பகுதியில மழை பெய்தது. பாலைவனத்துல மழைன்னா உயிர் பூக்கும்னு நாம நினைப்போம். ஆய்வாளர்கள் போய், தேங்கின தண்ணியில பார்த்தாங்க. அந்த மண்ணுல அதுவரைக்கும் 16 வகை நுண்ணுயிர் வரைக்கும் பதிவாகியிருந்தது. மழைக்கு அப்புறம் ரெண்டு முதல் நாலு வகைதான் மிச்சம். காத்துல வர்ற துளி ஈரத்தை வச்சுக் காலத்தை ஓட்டுற உயிருக்குத் தண்ணியை ஊத்தினா அது மூழ்கிச் செத்துடும். நம்ம வீட்டுக் கள்ளிச்செடியைப் பாசத்துல தண்ணி ஊத்தியே கொன்னவங்களுக்கு இது புரியும். இந்த ஆய்வைச் செஞ்சவங்க கேட்ட கேள்வி சங்கடமானது: செவ்வாயில ஒரு வேளை ஏதாவது இருந்திருந்தா, வைக்கிங் விட்ட துளியே அதைக் கொன்னிருக்குமா? தண்ணி நமக்கு உயிர். அதனால விருந்தாளிக்கும் முதல்ல தண்ணியைத்தான் நீட்டினோம்.

இந்தப் பிரச்சினைக்கு எதிர்ப்பக்கமும் ஒண்ணு இருக்கு, அதை விட்டா நியாயமா இருக்காது. ஜகதீச சந்திர போஸ் 1900 வாக்குல ஒரு வேலை பண்ணினார். தசையைத் தூண்டினா ஒரு மின் துடிப்பு வரும், அதைத்தான் உயிரோட அடையாளம்னு அப்போ சொன்னாங்க. போஸ் அதே டெஸ்ட்டைச் செடிக்குப் பண்ணினார், துடிப்பு வந்தது. தகரத் துண்டுக்குப் பண்ணினார், அதுவும் வந்தது! களைப்பும் காட்டுச்சு, விஷம் போட்டா அடங்கவும் செஞ்சது. 1902-ல இதைப் புத்தகமாவே போட்டார். அவர் இதிலிருந்து உயிருள்ளதுக்கும் இல்லாததுக்கும் நடுவுல கோடே இல்லைங்கிற பக்கம் போனார். நான் கோட் எழுதுறவனா பார்த்தா, இந்த டெஸ்ட்டுக்கு ரெண்டையும் பிரிச்சுச் சொல்லத் தெரியலைன்னுதான் எனக்குத் தோணுது. தகரத்தையும் உயிர்னு சொல்ற அளவுக்கு வலையை அகலமா விரிச்சாலும் பிரயோஜனம் இல்லை.

'அப்போ உயிர்னா என்னன்னு முதல்ல வரையறு, அப்புறம் தேடு'ன்னு நீங்க சொல்லலாம். பொறியியல் படிச்சவங்க எல்லாருக்கும் முதல்ல தோணுறது அதுதான், எனக்கும் தோணுச்சு. நாசா பயன்படுத்துற வரையறை ஒண்ணு இருக்கு: டார்வின் சொன்ன பரிணாமத்துக்கு உட்படக்கூடிய, தன்னைத் தானே தாங்கிக்கிற வேதி அமைப்பு. படிக்க நல்லா இருக்கு. ஆனா ஒரு கலம் இறங்கி, கையளவு மண்ணை எடுத்து, 'நீ பரிணாமம் அடைவியா?'ன்னு எப்படிக் கேட்கும்? கரோல் கிளீலாந்துங்கிற தத்துவவியலாளர் இதுக்கு ஒரு நல்ல உதாரணம் சொல்றாங்க. மூலக்கூறுன்னா என்னன்னு தெரியாத காலத்துல தண்ணியை வரையறுக்கச் சொன்னா, 'நிறமில்லாதது, தாகம் தீர்ப்பது'ன்னு தான் எழுதியிருப்பாங்க. தண்ணியைப் பத்தின கோட்பாடு வந்த பிறகுதான் அது எச்2ஓ. உயிருக்கு அந்தக் கோட்பாடு நம்மகிட்ட இன்னும் இல்லை. நமக்குத் தெரிஞ்ச உயிர் எல்லாம் ஒரே குடும்பம். சாம்பிள் சைஸ் ஒண்ணு. ஒரே ஒரு வரி டேட்டாவை வச்சு மாடல் டிரெயின் பண்றேன்னு யாராவது ஆபீஸ்ல வந்தா என்ன சொல்லுவீங்க?

நம்ம பூமியே இந்தப் பரீட்சையில ஃபெயில் ஆகியிருக்கும், தெரியுமா? 1990 டிசம்பர்ல, வியாழனுக்குப் போற வழியில கலிலியோ கலம் பூமியைக் கடந்து போனது. கார்ல் சேகன் ஒரு குறும்பு பண்ணினார். பூமியைப் பத்தி ஒண்ணுமே தெரியாத மாதிரி வச்சுக்கிட்டு, இந்தக் கலத்தோட தரவை மட்டும் வச்சு இங்க உயிர் இருக்குன்னு சொல்ல முடியுமான்னு பார்த்தார். கிடைச்ச தடயங்கள் நாலு: ஏகப்பட்ட ஆக்சிஜன், அதோட சேர்ந்து நீடிக்கக் கூடாத மீத்தேன், நிலத்துல சிவப்பு ஒளியை உறிஞ்சுற ஏதோ ஒரு நிறமி, பிறகு ரேடியோ சிக்னல். ஆஸ்திரேலியாவையும் அண்டார்டிகாவையும் எடுத்த படங்கள்ல ஒரு ஊரு, ஒரு ரோடு கூட உறுதியாத் தெரியலை.

இதே கலம் 300 கோடி வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா? அப்பவும் பூமியில உயிர் இருந்தது. 350 கோடி வருஷப் பழைய தடயங்களே இருக்கு. ஆனா காத்துல ஆக்சிஜன் சேர ஆரம்பிச்சது சுமார் 240 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான். நிலத்துல செடி கிடையாது. ரேடியோவுக்கு வழியே இல்லை. நாலுல மூணு தடயம் காலி. நூறு கோடி வருஷம் இங்க உயிர் ஓடியாடிட்டு இருந்தப்போ, ஆக்சிஜனை மட்டும் நம்பி வந்த எந்த வெளியூர் விஞ்ஞானியும் 'வெறும் பாறை'ன்னு எழுதிட்டுப் போயிருப்பார். இன்னிக்கு நாம தொலைதூரக் கிரகங்கள்ல முதல்ல தேட ஆசைப்படுற வாயுக்கள்ல ஒண்ணு, அதே ஆக்சிஜன்.

வேகம்னு ஒரு விஷயமும் இருக்கு. 2020-ல ஜப்பான் ஆய்வாளர்கள், தென் பசிபிக் கடலடி வண்டல்ல இருந்து எடுத்த நுண்ணுயிர்களுக்குச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தாங்க. அந்த வண்டல் படிஞ்சு பத்துக் கோடி வருஷத்துக்கு மேல ஆச்சு. டைனோசர் காலத்து மண். பெரும்பாலானவை எழுந்து சாப்பிட ஆரம்பிச்சுது. சாப்பாடு கிடைக்காத அந்த இருட்டுல அதுங்க வாழ்ற வேகத்துக்கு நம்ம கடிகாரத்துல முள்ளே நகராது. வைக்கிங் சோதனை காத்திருந்தது அதிகபட்சம் சில மாசம். ஒரு தடவை மூச்சு விட ஆயிரம் வருஷம் எடுத்துக்கிற ஒண்ணுகிட்ட சில மாசம் கழிச்சு 'டைம்அவுட்'னு சொல்லிட்டு வந்தா எப்படி?

இதுக்கெல்லாம் மாற்று என்னன்னா, சில பேர் 'உயிர் எதனால ஆனது'ங்கிற கேள்வியையே விட்டுட்டு, 'இது தானா உண்டாகியிருக்குமா'ன்னு கேட்க ஆரம்பிச்சிருக்காங்க. கிளாஸ்கோவுல லீ குரோனின், அரிசோனாவுல சாரா வாக்கர். ஒரு மூலக்கூறை லெகோ மாதிரி துண்டு துண்டா ஒட்டிக் கட்ட, குறைஞ்சது எத்தனை படி தேவைன்னு எண்ணுறாங்க. கட்டின துண்டைத் திரும்பப் பயன்படுத்திக்கலாம், ஃபங்ஷன் மாதிரி. 2021-ல அவங்க சோதிச்ச மாதிரிகள்ல 15 படிக்கு மேல போனதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்டதாவே இருந்தது. டி.என்.ஏ. வேண்டாம், புரோட்டீன் வேண்டாம், எதையும் முன்கூட்டியே நம்ப வேண்டாம்.

யோசனை அழகா இருக்கு. ஆனா திட்டும் நிறைய விழுது. இது பழைய தரவுச் சுருக்கக் கணக்குக்குப் புதுச் சட்டைன்னு கணினித் துறைக்காரங்க எழுதியிருக்காங்க. உயிரே இல்லாத கனிமங்கள்லயும் 15-ஐத் தாண்டுற அமைப்பு உண்டுன்னு கனிமவியல்காரங்க காட்டியிருக்காங்க. எனக்கு அந்த 15-ங்கிற நம்பர் மேல நம்பிக்கை இல்லை. கேள்வியை மாத்திக் கேட்டாங்களே, அது பிடிச்சிருக்கு.

இதெல்லாம் ஏன் இப்போ அவசரம்னா, மனுஷனைச் செவ்வாய்க்கு அனுப்புறதைப் பத்தி எல்லாரும் தேதி குறிக்க ஆரம்பிச்சுட்டாங்க. வைக்கிங்கை அனுப்புறதுக்கு முன்னாடி மொத்தக் கலத்தையும் 110 டிகிரிக்கு மேல ஒரு நாளுக்கும் அதிகமா அடுப்புல வச்சு எடுத்தாங்க, பூமிக் கிருமி போயிடக் கூடாதுன்னு. ஒரு விண்வெளி வீரரை அப்படி அவிச்சு எடுக்க முடியாது. ஒருத்தர் உடம்புல சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருக்கும். அவர் கால் வச்ச பிறகு அங்க கிடைக்கிற ஒவ்வொரு தடயத்துக்கும் 'இது நம்மாளு கொண்டு வந்ததா?'ன்னு ஒரு கேள்வி ஒட்டிக்கும். இன்னொரு வினோதம். செவ்வாயில எந்தெந்த இடத்தை ரொம்ப ஜாக்கிரதையா காப்பாத்தணும்னு சர்வதேச விதி இருக்கு. மைனஸ் 28 டிகிரியோ அதுக்கு மேலயோ வெப்பம், போதுமான ஈரம் இருக்கிற இடங்கள். அந்த நம்பர் எங்கிருந்து வந்தது? பூமி உயிர் பெருகக்கூடிய எல்லையில இருந்து. நம்ம கிருமி அங்க பரவாம தடுக்க அது சரியான அளவுகோல்தான். ஆனா மைனஸ் 60-ல, ஒரு சொட்டுத் தண்ணி இல்லாம, வேற கணக்குல வாழுற ஒண்ணுக்கு அந்த வரைபடத்துல வேலியே கிடையாது.

அடுத்த பெரிய பரீட்சை சனிக்கோளோட நிலவு டைட்டன்ல. அங்க மைனஸ் 179 டிகிரி. மழை பெய்யுது, ஆறு ஓடுது, ஏரி இருக்கு. எல்லாம் திரவ மீத்தேன். 2005-ல கிறிஸ் மெக்கேயும் ஹெதர் ஸ்மித்தும் காகிதத்துல ஒரு உயிரைக் கற்பனை பண்ணிப் பார்த்தாங்க. தண்ணிக்குப் பதிலா மீத்தேன்ல மிதக்கும், ஆக்சிஜனுக்குப் பதிலா ஹைட்ரஜனைச் சுவாசிக்கும், அசிட்டிலீனைச் சாப்பிடும். அப்படி ஒண்ணு இருந்தா தரைக்குப் பக்கத்துல ஹைட்ரஜனும் அசிட்டிலீனும் குறையணும்னு கணக்குப் போட்டாங்க. 2010-ல காசினி கலத்தோட தரவை அலசினப்போ, ஹைட்ரஜன் மேலிருந்து இறங்கி வந்து தரையில காணாம போற மாதிரியும், எதிர்பார்த்த அசிட்டிலீன் தரையில தென்படாத மாதிரியும் வந்தது. துள்ளிக் குதிக்காதீங்க. உயிர் இல்லாமலேயே இதை விளக்க வேதியியலுக்கு வழி இருக்கு. ஆனா கவனிச்சீங்களா, இங்க முதல்ல கற்பனை, அப்புறம் அளவு. அந்தப் பேப்பர் மட்டும் இல்லைன்னா, ஹைட்ரஜன் குறையுற கிராஃபைப் பார்த்து யாரும் உயிரைப் பத்தி யோசிச்சிருக்கக் கூட மாட்டாங்க.

அதைப் பக்கத்துல போய்ப் பார்க்க நாசா டிராகன்ஃபிளைன்னு ஒரு கலத்தைத் தயார் பண்ணிட்டு இருக்கு. எட்டு சுழலி வச்ச, கார் சைஸ் ட்ரோன். 2028-ல கிளம்பி 2034-ல டைட்டன்ல இறங்கணுங்கிறது திட்டம். அது தரையைத் துளைச்சு, மாதிரியை எடுத்து, மூலக்கூறுகளை எடை போட்டு, பட்டியலை அனுப்பும். சிக்னல் இங்க வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்தப் பட்டியல்ல எந்த வரியில விரலை வைக்கணும்னு இப்பவே சண்டை போட்டுக்கிட்டு இருக்காங்க. நல்ல சண்டை. இறங்குற அன்னிக்கு நாமளும் லைவ் போடுவோம். அதுக்குள்ள எனக்கு முடி எவ்வளவு மிச்சம் இருக்கும்னு தெரியலை, ஆனா மைக் இருக்கும். பை மக்களே.